பிடித்த சாப்பாட்டை விடாமல் மாவுச்சத்தைக் குறைக்க: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குறைந்த மாவுச்சத்து (கார்போஹைட்ரேட், சர்க்கரையும் இதில் சேரும்) உணவுமுறையை நான் மூன்று தடவை தொடங்கினேன். முதல் தடவை பதினோரு நாள் தாங்கியது, இரண்டாவது தடவை ஒரு மாதம். மூன்றாவது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்றரை வருடம் முடிந்துவிட்டது. முதல் இரண்டு தடவையும் என் கையில் இருந்தது "சாப்பிடக் கூடாதவை" என்று ஒரு நீளமான பட்டியல் மட்டும்தான். ராத்திரி எட்டு மணிக்குப் பசியோடு சமையலறையில் நிற்கும்போது அந்தப் பட்டியலை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை. சோற்றுக்குப் பதில் என்ன, டீயோடு கடிக்க என்ன, எதை வாங்கினால் ஏமாறுவோம் என்று அப்போதே யாராவது வரிசையாகச் சொல்லியிருந்தால் எனக்கு நிறைய நாள் மிச்சமாகியிருக்கும். உங்களுக்காவது மிச்சமாகட்டும். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். முக்கியமாக, முதல் படியைச் செய்யாமல் விட்டுவிடாதீர்கள்.

1. மருந்துச் சீட்டோடு மருத்துவரைப் பாருங்கள்

நான் சுகர் மாத்திரை போட்டுக்கொண்டே, யாரிடமும் சொல்லாமல் சோற்றை நிறுத்தினேன். நான்காம் நாள் மதியம் கை நடுங்கி, உடம்பெல்லாம் வியர்த்து, எதிரில் இருந்த எழுத்து மங்கலாகிவிட்டது. மீட்டரில் 58 காட்டியது. மாவுச்சத்து குறைந்தது, மாத்திரை அளவு குறையவில்லை. அவ்வளவுதான் காரணம். 70-க்குக் கீழே இறங்கினாலே தாழ்சர்க்கரை. உடனே 15 கிராம் குளுக்கோஸ், இல்லாவிட்டால் ஒரு மேஜைக்கரண்டி சர்க்கரை அல்லது அரை கப் பழச்சாறு எடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பவும் சோதிக்க வேண்டும். உணவுமுறை கெட்டுப்போகும் என்று அந்த நேரத்தில் தயங்கவே கூடாது.

இந்த மருந்துகளில் ஏதாவது ஒன்று எடுப்பவர்கள் மருத்துவர் சொல்லாமல் தொடங்காதீர்கள்:

இன்சுலின், கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு போன்றவை. சுகர் சட்டென்று இறங்கிவிடும்.

"கிளிஃப்ளோசின்" என்று முடியும் மாத்திரைகள் (டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்). இவை எடுத்துக்கொண்டே மாவுச்சத்தை அடியோடு குறைத்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாவது) ஆபத்தான அளவுக்குச் சேரலாம். சுகர் மீட்டரில் அது தெரியாது. எண் சாதாரணமாகவே இருக்கலாம். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குவது வந்தால் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

ரத்த அழுத்த மாத்திரைகள். முதல் வாரத்தில் உடம்பிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுவதால் அழுத்தம் இறங்கி, எழுந்து நின்றால் தலை சுற்றும்.

வார்ஃபரின். திடீரென்று கீரை அதிகம் சாப்பிட்டால் அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையை மாற்றிவிடும்.

கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், டைப் 1 நீரிழிவு உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், உணவு சார்ந்த மனநலச் சிக்கலிலிருந்து மீண்டவர்கள் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம்.

போகும்போது கையில் இரண்டு தாள் இருக்கட்டும். ஒன்று, இப்போது எடுக்கும் எல்லா மருந்துகளும் அளவோடும் நேரத்தோடும். இருமல் சிரப், வைட்டமின் மாத்திரை வரைக்கும். இன்னொன்று, சமீபத்திய ரத்தப் பரிசோதனை: வெறும் வயிற்றுச் சுகர், ஹெச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சுகர்), கொலஸ்ட்ரால் விவரம், கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), யூரிக் ஆசிட். மூன்று மாதம் கழித்து ஒப்பிட இந்த எண்கள்தான் வேண்டும். தொடங்கிய பிறகு எடுத்தால் பழைய நிலை என்னவென்றே தெரியாமல் போய்விடும். "மாத்திரையை எப்போது, எந்த எண் வந்தால் குறைக்க வேண்டும்?" என்ற கேள்விக்குப் பதிலை எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

2. உங்கள் அளவை முடிவு செய்யுங்கள்

ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே மாவுச்சத்து எடுத்தால் பொதுவாகக் குறைந்த மாவுச்சத்து என்பார்கள். 50-க்குக் கீழே போனால் அது கீட்டோ. புதிதாக வருபவர்கள் நேராக 20 கிராமில் குதிப்பதுதான் நான் பார்த்த பொதுவான தவறு. நானும் அதைத்தான் செய்தேன். முதல் மாதம் 100 முதல் 130, இரண்டாவது மாதம் 80 என்று இறங்கினால் நாக்கும் பழகும், வீடும் பழகும். பலருக்கு 80-லேயே வேண்டிய பலன் கிடைத்துவிடுகிறது. அதற்குக் கீழே போகக் காரணம் இருந்தால் மட்டும் போங்கள்.

3. மூன்று நாள் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

ஒரு நோட்டும் ஒரு சமையலறைத் தராசும் போதும். வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிட்டு, எடை போட்டு எழுதுங்கள். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் 28 கிராம் மாவுச்சத்து. அப்படியென்றால் ஒரு கப்பில் 45. ஒரு பிரெட் துண்டில் 12 முதல் 15. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 27. ஒரு டீஸ்பூன் சர்க்கரையில் 4. ஒரு தம்ளர் பாலில், அதாவது 200 மில்லியில், 10. என் நோட்டில் மூன்று வேளைச் சாப்பாட்டை விட நடுவில் குடித்தவையும் கொறித்தவையும் அதிக இடம் பிடித்திருந்தன. எழுதிப் பார்க்காமல் அது எனக்குத் தெரியவே இல்லை.

அப்புறம் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் பக்கத்தில் இரண்டு கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் எது சுமக்கிறது, இரண்டாவதில் எது ருசிக்கிறது. பீட்சாவில் மாவு சுமக்கிறது; சீஸும் தக்காளியும் மேலே இருப்பவையும் ருசிக்கின்றன. நூடுல்ஸில் மாவு இழை சுமக்கிறது. பூண்டும் எண்ணெயும் சாஸும் ருசிக்கின்றன. வறுத்த கோழியின் மேலே இருக்கும் மொறுமொறுப்பு வேண்டும், அது மைதாவில்தான் வர வேண்டும் என்பதில்லை. முக்கால்வாசி உணவுகளில் நாம் ஆசைப்படுவது இரண்டாவது கட்டத்துக்குத்தான், மாவுச்சத்து இருப்பதோ முதல் கட்டத்தில். சுமப்பதை மட்டும் மாற்றினால் போதும். இந்த நோட்டுப் பக்கம்தான் எனக்கு எல்லாவற்றையும் திருப்பிப் போட்டது.

சில உணவுகளில் சுமப்பதும் ருசிப்பதும் ஒன்றே. சூடான பிரெட்டின் வாசனைக்கே ஆசைப்படுபவருக்கு எந்த மாற்றும் ஈடாகாது. அந்த மாதிரி இரண்டு மூன்று இருந்தால் அவற்றுக்குத் தனிக் குறி போடுங்கள். அவற்றைப் போலி செய்யப் பார்க்காமல், மாதத்துக்கு ஒரு தடவை அசலையே சின்ன அளவில் சாப்பிடுவதுதான் மேல்.

4. சுமப்பதை மாற்றுங்கள்

சோறு: காலிஃபிளவர்தான் முதல் மாற்று. அதே ஒரு கப் அளவுக்கு, நார்ச்சத்தைக் கழித்தால் 5 கிராம் மாவுச்சத்துதான் வரும். ஆனால் பத்தில் எட்டுப் பேர் முதல் தடவையே கெடுத்துவிட்டு "நல்லாயில்லை" என்று விட்டுவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். காலிஃபிளவரில் 92 சதவீதம் தண்ணீர். அதை வேகவைத்தால் கூழ்தான் வரும். செய்ய வேண்டியது இது: பூக்களைக் கழுவி, துணியில் பரப்பி ஈரம் போக ஆறவிடுங்கள். துருவியின் பெரிய கண்ணில் துருவுங்கள். மிக்ஸி என்றால் விட்டு விட்டு இரண்டு சுற்று, அரிசி அளவுக்கு வந்ததும் நிறுத்துங்கள். அகலமான வாணலியைக் காயவைத்து, கொஞ்சம் எண்ணெய் அல்லது வெண்ணெய் விட்டு, துருவலைப் பரப்பிப் போடுங்கள். மூடி போடவே வேண்டாம். தீ பெரிதாக இருக்கட்டும். நாலைந்து நிமிடத்தில் ஆவி நின்று, பச்சை வாசனை போய், ஓரத்தில் லேசாகப் பொன்னிறம் வரும். அப்போது இறக்குங்கள். உப்பு இறக்கும்போதுதான், முன்னாலேயே போட்டால் தண்ணீர் விட்டுக் குழைந்துவிடும். ஒரே தடவையில் நிறையப் போட்டாலும் அதே கதிதான், எனவே இரண்டு ஈடாகச் செய்யுங்கள். தொடக்கத்தில் பாதிச் சோறு, பாதி காலிஃபிளவர் என்று கலந்து சாப்பிட்டால் வயிறும் ஏற்றுக்கொள்ளும், மனசும் ஏற்றுக்கொள்ளும்.

சமைத்த சோற்றைக் குளிரவைத்துச் சாப்பிட்டால் மாவுச்சத்து போய்விடும் என்று சொல்வதை நம்பி ஒரு தட்டு நிறையச் சாப்பிடாதீர்கள். குளிர்ந்த சோற்றில் செரிக்காத மாவு கொஞ்சம் கூடுவது உண்மை. மொத்தக் கணக்கில் அது சிறிய மாற்றம்தான்.

நூடுல்ஸ்: சுக்கினி அல்லது முட்டைக்கோஸை நீளமாகச் சீவுங்கள். உப்புத் தூவிக் கால் மணி நேரம் வைத்துப் பிழிந்து, சூடான வாணலியில் இரண்டே நிமிடம். சாஸைக் கடைசியில், கெட்டியாகச் சேருங்கள்.

பீட்சா: துருவிய மொஸரெல்லா 170 கிராம், பாதாம் மாவு 85 கிராம், கிரீம் சீஸ் இரண்டு மேஜைக்கரண்டி. சீஸ் இரண்டையும் உருக்கி, மாவும் ஒரு முட்டையும் சேர்த்து, சூடு ஆறுவதற்குள் பிசையுங்கள். இரண்டு எண்ணெய்த் தாளுக்கு நடுவே வைத்துத் தேய்த்து, முள்கரண்டியால் குத்தி, 200 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம் வெறுமனே சுடுங்கள். அப்புறம் மேலே வேண்டியதைப் போட்டுத் திரும்பவும் அஞ்சு நிமிடம். நாலாகப் பிரித்தால் அடிப்பகுதியில் ஒரு பங்குக்கு 4 முதல் 5 கிராம்தான். இரண்டு துண்டிலேயே வயிறு நிறைந்துவிடும், அதனால் பழைய அளவைத் தட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

உருளைக்கிழங்கு: மசியலுக்கு ஆவியில் வெந்த காலிஃபிளவர், வெண்ணெயோடு அரைத்தது. வறுவலுக்கு டர்னிப் அல்லது முள்ளங்கி. வறுபட்டதும் அதன் காரம் அடங்கிவிடும். சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆரோக்கியமானது என்பதால் மாவுச்சத்து குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். 100 கிராமில் 20 இருக்கிறது.

மொறுமொறுப்பு: பொடித்த பாதாம், துருவிய கெட்டிச் சீஸ், முட்டை. கிரேவியைக் கெட்டியாக்க ஒரு மேஜைக்கரண்டி சோளமாவு போட்டால் 7 கிராம் ஏறும். அதற்குப் பதில் மூடியைத் திறந்து வைத்து இன்னும் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள், அல்லது கிரீம் சேருங்கள்.

கேக்: கோதுமை மாவு ஒரு கப் என்றால் பாதாம் மாவு ஒரு கப் என்று போட்டால் உதிர்ந்துவிடும், ஏனென்றால் ஒட்டவைக்கும் குளூட்டன் அதில் இல்லை. முட்டை கூட வேண்டும். தேங்காய் மாவு இன்னும் கஷ்டம்; அது ஈரத்தை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும், பாதாம் மாவு கேட்கும் அளவில் கால்வாசி போதும். பழைய செய்முறையை மாற்றப் பார்க்காமல், அந்த மாவுக்கென்றே எழுதிய செய்முறையை எடுத்துக்கொள்ளுங்கள். நான் வீணாக்கிய மாவெல்லாம் இதைக் கேட்காமல் வீணானதுதான்.

மாவுச்சத்தைக் குறைத்த இடத்தில் புரதம் வர வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு மணி நேரத்தில் பசிக்கும். முட்டை, மீன், கோழி, டோஃபு, சீஸ், இனிப்புச் சேர்க்காத தயிர் என்று ஒவ்வொரு வேளையும் ஒன்று தட்டில் இருக்கட்டும். சைவம் சாப்பிடுபவர்கள் பருப்பைப் புரதக் கணக்கில் மட்டும் போட்டுவிடுகிறார்கள். வெந்த பருப்பு 100 கிராமில் 20 கிராம் மாவுச்சத்தும் உண்டு, அதில் 8 நார்ச்சத்து. விட வேண்டியதில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

5. பழக்கத்தின் நேரத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், பொருளை மாற்றுங்கள்

மாலை நாலு மணிக்கு டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டவர் அந்த நேரத்தில் சும்மா உட்கார்ந்தால் ராத்திரிக்குள் இரண்டு மடங்கு சாப்பிடுவார். நாலு மணி டீ இருக்கட்டும். அதே கோப்பை, அதே நாற்காலி. பிஸ்கட் இருந்த தட்டில் பத்துப் பதினைந்து பாதாம் அல்லது ஒரு துண்டு சீஸ் வையுங்கள். முந்திரி வேண்டாம், பாதாமை விட மாவுச்சத்து கூட, நார்ச்சத்து மிகக் குறைவு. டப்பாவோடு கொண்டுவந்து பக்கத்தில் வைக்காதீர்கள், எண்ணி எடுத்து வாருங்கள்.

டீ காபியில் சர்க்கரையை ஒரே நாளில் நிறுத்தினால் குடிக்கவே பிடிக்காது. வாரத்துக்கு அரை டீஸ்பூன் குறையுங்கள். இரண்டு டீஸ்பூன் போட்ட எனக்கு நாலு வாரம் பிடித்தது. நாளுக்கு மூன்று கோப்பை என்றால் அதிலேயே 24 கிராம் மிச்சம். பழைய அளவில் போட்டுக் கொடுத்தால் இப்போது என்னால் குடிக்க முடிவதில்லை.

இனிப்பு வேண்டும் என்கிறவர்களுக்கு ஸ்டீவியா, எரித்ரிட்டால் இரண்டும் ரத்தச் சர்க்கரையை அநேகமாக ஏற்றாது. எரித்ரிட்டாலின் இனிப்பு சர்க்கரையில் 70 சதவீதம், நாக்கில் லேசான குளிர்ச்சி இருக்கும். சைலிட்டால் வாங்கினால் வீட்டு நாய்க்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அது நாய்க்கு விஷம். தேனும் பேரீச்சம்பழமும் இயற்கை என்பதால் கணக்கில் வராது என்று நினைப்பவர்கள் ஏராளம். தேனில் 100 கிராமுக்கு 82 கிராம் மாவுச்சத்து.

பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள், சாறாகக் குடிக்காதீர்கள். ஸ்ட்ராபெரி, கொய்யா, அவகாடோ தாராளமாக உதவும். வாழைப்பழத்தைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

6. லேபிளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

நார்ச்சத்து ரத்தச் சர்க்கரையை ஏற்றாது என்பதால் மொத்த மாவுச்சத்திலிருந்து அதைக் கழித்துவிட்டு மீதியைக் கணக்கு வைப்பார்கள். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. அமெரிக்க லேபிளில் மொத்த கார்போஹைட்ரேட் என்ற எண்ணுக்குள் நார்ச்சத்தும் அடங்கும்; கழிக்கலாம். ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் கார்போஹைட்ரேட் என்று போட்டிருப்பது நார்ச்சத்து நீங்கலாகத்தான். அதிலிருந்து திரும்பவும் கழித்தால் கணக்கு பொய்யாகிவிடும். இறக்குமதிப் பொருள் வாங்கும்போது எந்த நாட்டு லேபிள் என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது பரிமாறும் அளவு. பாக்கெட்டின் முன்னால் "3 கிராம்" என்று பெரிதாகப் போட்டிருக்கும். பின்னால் பார்த்தால் அது ஒரு துண்டுக்கு, பாக்கெட்டில் எட்டுத் துண்டு. 100 கிராமுக்கு எவ்வளவு என்ற எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடுங்கள்.

"சுகர் ஃப்ரீ" என்றால் மாவு இல்லை என்று அர்த்தமில்லை. பொருள் பட்டியலில் மால்டோடெக்ஸ்ட்ரின் இருந்தால் கீழே வையுங்கள், அது குளுக்கோஸைப் போலவே சுகரை ஏற்றும். மால்டிட்டால் என்ற மாற்று இனிப்பு இருந்தால் அதன் அளவில் பாதிக்கு மேல் மாவுச்சத்துக் கணக்கில் எடுங்கள். சுகர் ஃப்ரீ சாக்லேட் ஒன்றை முழுதாகச் சாப்பிட்டுவிட்டு ராத்திரி முழுக்க வயிறு கலங்கிக் கிடந்தேன். மால்டிட்டால் அளவு மீறினால் அப்படித்தான் செய்யும். "கொழுப்பு குறைந்த" தயிரிலும் சாஸிலும் எடுத்த கொழுப்புக்குப் பதில் சர்க்கரை சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

7. முதல் இரண்டு வாரம் இப்படித்தான் இருக்கும்

முதல் வாரத்திலேயே ஒன்றரை, இரண்டு கிலோ குறையும். பெரும்பாலும் அது தண்ணீர். உடம்பு சேமித்து வைத்த கிளைக்கோஜன் (சேமிப்புச் சர்க்கரை) ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரையும்போது நீரும் போகும். ஒரு நாள் நிறையச் சோறு சாப்பிட்டால் திரும்பி வந்துவிடும். வந்ததைப் பார்த்து எல்லாம் வீணென்று முடிவு கட்டாதீர்கள்.

இரண்டாம் நாளிலிருந்து அஞ்சாறு நாளைக்குத் தலைவலி, சோர்வு, கெண்டைக்கால் பிடிப்பு, எரிச்சல் வரலாம். இன்சுலின் குறையும்போது சிறுநீரகம் உப்பைக் கூடுதலாக வெளியே தள்ளுவதுதான் காரணம். தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் இன்னும் மோசமாகும். ஒரு கப் சூப்பில் வழக்கத்தை விடக் கொஞ்சம் தூக்கலாக உப்புப் போட்டுக் குடித்தால் அரை மணியில் தெளிவு வரும். உயர் ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் இதை மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

மலச்சிக்கலுக்குக் கீரையும் காயும் இரண்டு மடங்கு, கூடவே ராத்திரி இசப்கோல் ஒரு டீஸ்பூன், ஒரு தம்ளர் தண்ணீரோடு. தண்ணீர் போதாவிட்டால் அதுவே அடைத்துக்கொள்ளும்.

தொடங்கும் நாளையும் யோசித்து வையுங்கள். வேலைப்பளு இருக்கும் வாரம், பயணம், விருந்து இவற்றுக்கு முந்தின நாள் வேண்டாம்.

8. வெளியில் சாப்பிடும்போது

பசியோடு போகாதீர்கள், கிளம்புமுன் ஒரு முட்டையோ ஒரு பிடி பாதாமோ சாப்பிடுங்கள். தட்டில் முதலில் காயையும் புரதத்தையும் எடுத்துக்கொண்டு, மாவுப் பதார்த்தத்தைக் கடைசியில் கொஞ்சமாக வையுங்கள். சாஸ்களில் கவனம்: ஒரு மேஜைக்கரண்டி தக்காளி கெச்சப்பில் 4 கிராமுக்கு மேல் இருக்கும். விருந்துக்கு அழைப்பவரிடம் "எனக்கு இதெல்லாம் ஆகாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டால் அங்கே போய் மறுத்துச் சங்கடப்பட வேண்டியதில்லை.

9. செலவு

தனியாகப் பாக்கெட்டில் விற்கும் கீட்டோ பிரெட், கீட்டோ பிஸ்கட், ஷேக் பவுடர் எதுவும் தேவையில்லை. என் முதல் மாதச் செலவில் பாதிக்கு மேல் இவற்றுக்குத்தான் போனது, பாதி தின்னாமலே காலாவதியானது. வாங்க வேண்டியது சமையலறைத் தராசு ஒன்று, நல்ல துருவி ஒன்று. சுகர் உள்ளவர்களுக்கு மீட்டரும் அதற்கான பட்டைகளும். மீட்டரை விட பட்டைகளின் செலவுதான் தொடர்ந்து வரும், வாங்குமுன் பட்டையின் விலையைக் கேளுங்கள்.

பாதாம் மாவு கோதுமை மாவை விடப் பல மடங்கு விலை. தினசரிச் சாப்பாட்டை அதன் மேல் கட்டாதீர்கள், வாரம் ஒரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மலிவாக முடிய வேண்டுமென்றால் முட்டை, முட்டைக்கோஸ், கீரை, பருவத்தில் விலை இறங்கும் காய். காலிஃபிளவர் மலிவான வாரத்தில் நாலு பூ வாங்கித் துருவி, ஒரு வேளைக்கு ஒரு பை என்று உறைபெட்டியில் வைத்துவிடுவேன். சமைக்கும்போது உருகவிடாமல் நேராகச் சூடான வாணலியில் போட வேண்டும்.

10. மூன்று மாதம் கழித்து அதே பரிசோதனை

சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். ஹெச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்வது அதனால்தான். ஒரு மாதத்தில் எடுத்துப் பார்த்துவிட்டு ஏமாற வேண்டாம். அதே பரிசோதனைக் கூடத்தில், அதே போல வெறும் வயிற்றில், முதலில் எடுத்த எல்லாவற்றையும் எடுங்கள். டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு கொழுப்பு) பெரும்பாலும் இறங்கியிருக்கும். எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) சிலருக்கு ஏறும், சிலருக்கு நன்றாகவே ஏறும். ஏறியிருந்தால் "இந்த உணவுமுறையில் அது பரவாயில்லை" என்று யாராவது சொல்வதைக் கேட்டு விட்டுவிடாதீர்கள். வெண்ணெய், கிரீமைக் குறைத்து, கொட்டைகள், மீன், ஆலிவ் எண்ணெய் பக்கம் போய், மருத்துவரிடம் காட்டுங்கள். சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே வலி வந்தாலும் சொல்லுங்கள். எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் உருவாகலாம்.

இரண்டு ரிப்போர்ட்டையும் அந்தப் பழைய நோட்டோடு சேர்த்து ஒரே உறையில் போட்டு வையுங்கள். அடுத்த பரிசோதனைத் தேதியை உறையின் மேலேயே எழுதிவிடுங்கள்.